வருகையின் நோக்கம்

ஆறேகாலுக்குப் பெட்ரோல் நிலையத்து வெளிச்சத்தில்
நாங்கள் மூவர்.
ஆ கியோங் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறான்
மாங்காய் வாங்குகிறவனைப் போல.
நோராஸிகின் முதுகுப் பையில் வாழைப்பழங்களைச் செருகுகிறாள்.
இறுகிய கால்சட்டை, தலையில் ஆமையோடு கவிழ்த்த மாதிரி ஒன்று,
இந்தக் கோலத்தில் நான் ஏறும்போது
ரொட்டி சானாய் கடைக்குப் போகிறவர்
மோட்டாரை மெதுவாக்கிக் கேட்கிறார்:
"எங்கம்மா, வேலைக்கா?"
பதில் வருவதற்குள் போய்விட்டார்.

சுங்கை சிப்புட்டை விட்டால் செம்பனை.
இருபுறமும் செம்பனை, அதற்குப் பின்னாலும் செம்பனை.
அழகு என்று சொல்லத் தயக்கம்.
வரிசை பிசகாமல் நிற்பதுதான் அழகென்றால்
பள்ளிக்கூடத்துச் சபைகூடலும் அழகுதான்.
ஆனாலும் ஒரு வேகத்தில்,
முப்பத்திரண்டில், முப்பத்து மூன்றில்,
அடிமரங்களுக்கு இடையே சாய்ந்து வரும் வெயில்
முகத்தில் பட்டை பட்டையாக அடிக்கிறது.
வாய் தானாகத் திறந்துகொள்கிறது.
ஒரு பூச்சி உள்ளே போய்விடுகிறது.

குலை ஏற்றிய லோரி போன பிறகு
வளைவில் ஒற்றைப் பழங்கள் உருண்டு கிடக்கும்,
எண்ணெய்ச் சிவப்பில்.
முன்னால் போகிறவன் கையைத் தாழ்த்திக் காட்டுவான்: பழம்.
பின்னால் வருகிறவளுக்கு நான் காட்டுவேன்: பழம்.
இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.
வாரம் முழுக்கப் பேசியதை விட
இது எனக்குப் பிடித்திருக்கிறது.

கராயில் பழைய ரயில் பாலம்.
தண்டவாளத்தை ஒட்டி ஒடுங்கிய நடைபாதை.
இறங்கித் தள்ளினோம், ஷூவடியில் இரும்பு டக் டக்.
கீழே பேராக் ஆறு, பால் அதிகம் ஊற்றிய தேநீர்,
யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத வேகம்.

கோலகங்சாரில் லக்சா. இரண்டாவது கிண்ணமும்.
அஞ்சடி நிழலில் சாத்திய என் சைக்கிளை
மண்கூஜா விற்கிறவள் ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.
விலை கேட்டாள்.
கியோங் பாதியாகக் குறைத்துச் சொன்னான்.
அந்தப் பாதிக்கே
கையிலிருந்த கூஜாவைக் கீழே வைத்துவிட்டாள்.

திரும்பும்போது
வரைபடம் சொன்ன குறுக்கு வழி
ஒரு தோட்டத்து இரும்புக் கதவில் போய் நின்றது.
காவலர் ரபிக்குல், சீருடை இரண்டு அளவு பெரிது,
கோடு போட்ட நோட்டை நீட்டினார்.
பெயர். அடையாள அட்டை. வண்டி எண்.
வருகையின் நோக்கம்.
எனக்கு மேலே எழுதியிருந்தவர்கள்:
உரம். உரம். குலை. தண்ணீர்க் குழாய். உரம்.
"உடற்பயிற்சின்னு போடு" என்றான் கியோங்.
ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு யோசித்தேன்.
இப்படிப்பட்ட தோட்டங்களின் செக்ரோலில்
என் ஆட்கள் பெயர் எத்தனையோ ஆண்டு இருந்தது.
நோக்கம் என்ன என்று ஒருவரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.
தமிழிலேயே எழுதினேன்:
சும்மா.

ரபிக்குல் மூன்றெழுத்தையும் உற்றுப் பார்த்தார்.
வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.
நோரா மலாயில் சொன்னாள்: "சாஜா-சாஜா."
"சும்மா" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு
முத்திரை குத்தினார்.

காவல் கூண்டுக்குப் பின்னால் அவருடைய சைக்கிள்,
முன்சக்கரத்தில் காற்றில்லை.
எங்கள் பம்பு அதன் வாய்க்குப் பொருந்தாது.
கியோங் பையைக் கொட்டித் தேடி
பித்தளையில் ஒரு சின்னத் திருகை எடுத்தான்.
சராசரி வேகம் கெடுகிறது என்று முனகியபடி
குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடித்தான்.

உள்ளே செம்மண் பாதை, நேற்றைய மழை.
எங்கள் டயரோ ஒரு விரல் அகலம்.
பத்தடிக்குள் நோரா விழுந்தாள், சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.
தள்ளிக்கொண்டு நடந்தோம்.
பன்னிரண்டு மணி இருக்கும்,
பின்னால் மணிச் சத்தம்.
சோற்றுத் தூக்கு கைப்பிடியில் ஆட
ரபிக்குல் எங்களைக் கடந்து போனார்.
"எங்கே?" என்று கத்தினேன்.
"மாக்கான்" என்றார், திரும்பாமல்.
கொஞ்ச தூரத்தில் அவர் கை தாழ்ந்தது.
பள்ளம்.
நான் பின்னால் திரும்பி
நோராவுக்குக் காட்டினேன்.